கிட்டப் போய்ச் செத்தவர்கள்

யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு அது எங்கே இடறும் என்று தெரியும். 11ஆம் வசனத்தில் “ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல” கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசுகிறார். ஒன்பது வசனம் தள்ளினால் அதே மோசேயிடம், என் முகத்தை நீ காணமாட்டாய், என்னைக் கண்ட எவனும் உயிரோடிருக்க முடியாது என்கிறார். அதற்கும் முன்னால், 24ஆம் அதிகாரத்தில், மூப்பர் எழுபது பேர் சீனாய் மலைமேல் ஏறி இஸ்ரவேலின் தேவனைத் தரிசித்துவிட்டுச் சாப்பிட்டுக் குடித்ததாக எழுதியிருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதுரை அரசரடிப் பக்கம் ஒரு வீட்டில் நடக்கிற வேதபாடக் கூட்டத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருத்தன் இதைத்தான் கேட்டான். அதோடு விடவில்லை. “கிருபாசனத்துக்கிட்ட தைரியமா வாங்கன்னு எபிரெயர்ல இருக்கு. அவர் சேரக்கூடாத ஒளியில இருக்கார்னு தீமோத்தேயுல இருக்கு. என்கிட்ட வர்றவனைத் தள்ளமாட்டேன்னு யோவான் ஆறுல இயேசு சொல்றார், அதே ஆறுல பிதா இழுத்தாத்தான் ஒருத்தன் வரமுடியும்னும் சொல்றார். இப்ப நான் போலாமா, கூடாதாய்யா?” எல்லாரும் சிரித்தோம். ஆயர் நல்ல மனிதர், கேள்வி கேட்கிறவனைக் கடிந்துகொள்கிற ரகம் இல்லை. ஆனால் அவர் சொன்ன பதில் நமக்கெல்லாம் மனப்பாடமான பதில். அது பழைய ஏற்பாடு, இது புதிய ஏற்பாடு. இயேசு சிலுவையில் ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது. தடை அன்றோடு போச்சு. பையன் தலையை ஆட்டினான். டீயும் வடையும் வந்தன.

எனக்கு அந்தப் பதில் இன்னும் செரிக்கவில்லை. முதலாவது, பையன் காட்டிய கடைசி நாலு வசனமும் புதிய ஏற்பாட்டில் இருப்பவை. திரை கிழிந்த பிறகு எழுதப்பட்ட கடிதம்தான் சேரக்கூடாத ஒளி என்கிறது. “தைரியமாய்” வரச்சொன்ன அதே எபிரெயர் நிருபம் எட்டு அதிகாரம் தள்ளி, நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி என்கிறது. காணிக்கைப் பணத்தில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் பேதுருவின் காலடியில் விழுந்து செத்தது பெந்தெகொஸ்தேக்கு அப்புறம், அதாவது திரை கிழிந்த பிறகு. இரண்டாவது, கதவைத் திறந்துவைக்கிற வசனங்கள் பழைய ஏற்பாட்டிலேயே நிறையக் கிடக்கின்றன. ஆலயப் பிரதிஷ்டை அன்றைக்கே சாலொமோன், தூரதேசத்து அந்நியன் வந்து இந்த ஆலயத்துக்கு நேராக நின்று வேண்டினால் அவன் கேட்டதைச் செய்யும் என்று ஜெபிக்கிறான். மோவாபியன் பத்தாம் தலைமுறையானாலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23. தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத் மோவாபியப் பெண். அதே உபாகமம் அண்ணகர்களையும் (விதையடிக்கப்பட்டவர்களையும்) வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56, அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், குமாரர் குமாரத்திகளைவிட உத்தம கீர்த்தியை என் ஆலயத்தில் அவனுக்குத் தருவேன் என்கிறது. சண்டை இரண்டு ஏற்பாடுகளுக்கு நடுவில் நடப்பதாக நினைக்கிறோம். பழையதற்குள்ளேயே அது மும்முரமாக நடந்துகொண்டிருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்கு உறுத்தல் வந்ததற்கு ஆயர் காரணம் இல்லை. என் தாய்மாமா காரணம்.

மாமாவும் லேவியராகமமும்

எங்கள் வீட்டில் அப்பா பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அம்மா பக்கம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). மதுரையில் இது அதிசயம் ஒன்றும் இல்லை. மாமா சிவகங்கை ரோட்டில் ஒரு கிராமத்தில் உபதேசியார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனவர். அறுபதுகளின் நடுவில் பள்ளிப்படிப்பு முடித்ததும் குருமடத்தில் சேர வேண்டும் என்று போய் நின்றிருக்கிறார். விசாரித்த சாமியார் அவருடைய மார்க்ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்த்தாராம். 1917ஆம் வருஷத்துக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பீடத்தில் பத்திரமாகவோ கண்ணியமாகவோ பணிசெய்ய முடியாத அளவுக்கு உடற்குறை உள்ளவர் குருவாகத் தடை இருந்தது. மேலிடத்துக்கு எழுதி விலக்கு வாங்க வழியும் இருந்தது. ஒரு கிராமத்துப் பையனுக்காக ரோமாபுரிக்கு யார் எழுதப்போகிறார்கள்? 1983இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு உடற்குறையைத் தடைகளின் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. அப்போது மாமாவுக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள்.

சாமியார் இல்லாத நாளில் அந்த ஊர்க் கோயில் மாமாதான். மணி அடிப்பது, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது, நற்கருணைப் பேழையின் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது எல்லாம் அவர். காலில் இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த கேலிப்பர். முழங்காலுக்கு நேராக ஒரு வளையம் இருக்கும். அதைக் கட்டைவிரலால் மேலே தூக்கினால்தான் கால் மடங்கும், கீழே இறக்கினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பீடத்துக்கு முன்னால் முழங்காலிட வேண்டிய இடத்தில் அவர் வளையத்தைத் தொடமாட்டார். நின்ற வாக்கிலேயே குனிந்து, கிராதியின் மேல்கட்டையில் நெற்றியை வைத்து எடுப்பார். அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு லேவியராகமம் 21 கண்ணில் பட்டது. ஆரோனின் சந்ததியில் அங்கவீனமுள்ளவன் தேவனுடைய அப்பத்தைச் செலுத்த அணுகலாகாது என்று தொடங்கி, குருடன், சப்பாணி, கால் ஒடிந்தவன், கை ஒடிந்தவன், கூனன், குள்ளன் என்று வரிசையாகப் போகும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வயதில் யாருக்காகவாவது கோபப்படுவது ஒரு சுகம். அப்பாவின் வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மாமா ஊருக்குப் போனேன். கோயில் படியில் உட்கார்ந்து மெழுகுவர்த்திக் கட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் வசனத்தை வாசித்துக் காட்டினேன்.

கேட்டுவிட்டு, “இருபத்தி ஒன்னாம் வசனத்தோட நிறுத்திட்டியே தாயி, அடுத்ததப் படி” என்றார். அடுத்த வசனத்தில், அப்படிப்பட்டவன் மகா பரிசுத்தமான அப்பத்தைச் சாப்பிடலாம் என்று இருந்தது. “அப்பம் உண்டு, பீடம் இல்ல. அம்புட்டுதான்” என்றார்.

“இது என்ன நியாயம் மாமா?”

“நியாயம்னு நான் சொன்னனா?” கத்தியைக் கீழே வைத்தார். “நீ படிச்ச புள்ள. ஒரு வேல செய்யி. வேதத்துல ஆண்டவருக்குக் கிட்டப் போயிச் செத்தவன் பேரெல்லாம் எழுதிட்டு வா. அதுல எத்தன பேரு நொண்டி, எத்தன பேரு குருடு, எத்தன பேரு வேத்தாளுன்னு பாப்போம்.” நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். “கரண்டுல சாகுறது யாரு? ரோட்டுல போறவனா? தெனம் கம்பம் ஏறுற லைன்மேன்தான சாகுறான்.”

எழுதிப் பார்த்த பட்டியல்

எழுதினேன். முதலில் வந்த பேர் நாதாப், அபியூ. ஆரோனின் சொந்தப் பிள்ளைகள். சீனாய் மலையில் அந்த எழுபது பேரோடு ஏறி தேவனைப் பார்த்துவிட்டு உயிரோடு இறங்கியவர்கள். கட்டளையிடாத அந்நிய அக்கினியைத் தூபகலசத்தில் கொண்டுபோனபோது எரிந்துபோனார்கள். அடுத்து கோராகு, லேவியன். அவனோடு தூபங்காட்டிய 250 பேரும் சபையின் பிரபுக்கள். பிறகு, பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டிக்குள் எட்டிப்பார்த்த பெத்ஷிமேஸ் ஊர்க்காரர்கள், இவர்களும் இஸ்ரவேலர். பிறகு ஊசா. மாடு இடறியபோது அந்தப் பெட்டி விழுந்துவிடாமல் கையால் பிடித்தவன். அவன் செத்ததைப் படித்துப் பாவம் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனால் அவன் அபினதாபின் மகன். பெட்டி வருஷக்கணக்கில் இருந்தது அந்த வீட்டில்தான். ஊசா செத்ததும் தாவீது பயந்துபோய்ப் பெட்டியைக் கித்தியனான ஓபேத்ஏதோம் வீட்டில் இறக்கிவிடுகிறான். கித்தியன் என்றால் காத் ஊர்க்காரன், கோலியாத்தின் ஊர். (இவன் லேவியன்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.) மூன்று மாதம் பெட்டி அங்கே இருந்தது, அந்த வீடு முழுவதும் ஆசீர்வாதம். கடைசியாக உசியா ராஜா. தூபங்காட்ட உள்ளே நுழைந்தவனுக்கு நெற்றியில் குஷ்டம். சாகிறவரைக்கும் தனி வீடு. அந்த ராஜா செத்த வருஷத்தில்தான் ஏசாயா ஆண்டவரை உயரமான சிங்காசனத்தில் பார்க்கிறார். ஐயோ அழிந்தேன் என்று அலறுகிறார், ஆனால் அழியவில்லை.

ஒரு சப்பாணி இல்லை. ஒரு குருடன் இல்லை. வேற்றாள் என்று ஒருவர்கூட இல்லை. பூசாரி, பூசாரி மகன், பிரபு, ராஜா.

மறுபக்கம் இன்னொரு வரிசை தானாகச் சேர்ந்தது. ஆகார் எகிப்திய அடிமைப்பெண். வனாந்தரத்தில் தன்னைக் கண்டவருக்கு அவளே பேர் வைக்கிறாள், உயிரோடு வீடு திரும்புகிறாள். சிம்சோனின் அம்மாவுக்கு வேதம் பேர்கூடக் கொடுக்கவில்லை. தேவதூதன் பலிபீடத்து ஜுவாலையில் ஏறிப்போனதும் அவள் புருஷன் மனோவா, தேவனைக் கண்டுவிட்டோம், சாகத்தான் போகிறோம் என்று நடுங்குகிறான். அவள் சொல்கிற பதில் முழு வேதத்திலும் எனக்குப் பிடித்த பதில்களில் ஒன்று. நம்மைக் கொல்ல நினைத்திருந்தால் நாம் கொடுத்த பலியை வாங்கியிருப்பாரா, இதையெல்லாம் நமக்குக் காட்டியிருப்பாரா என்கிறாள். புருஷனிடம் இருந்தது சித்தாந்தம். அவள் நடந்ததை வைத்துக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கில் கிடந்த ஸ்திரீ, சட்டப்படி தொட்டவரையெல்லாம் தீட்டாக்குகிறவள், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். சுகமாகிறாள். எத்தியோப்பிய மந்திரி ஒரு அண்ணகன். எருசலேமுக்குப் போய்ப் பணிந்துகொண்டு திரும்புகிற வழியில் தேரில் ஏசாயா 53ஐ வாசித்துக்கொண்டிருக்கிறான். மூன்று அதிகாரம் தள்ளி அவனுக்கென்றே எழுதிய வாக்குத்தத்தம் கிடக்கிறது. “ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன” என்று வழியில் தேரில் ஏறிக்கொண்ட பிலிப்புவிடம் அவன் கேட்கிறான். ஒரு தடையும் சொல்லப்படவில்லை, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

சட்டம் வேறு மாதிரி பேசுகிறது என்பதை மறைக்க முடியாது. அந்நியன் கிட்ட வந்தால் கொலைசெய்யப்படக்கடவன் என்று எண்ணாகமம் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஏரோதின் ஆலயத்தில் அதைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். தடுப்பைத் தாண்டி வருகிற அந்நியன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்ற கிரேக்கக் கல்வெட்டு 1871இல் எருசலேமில் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசுக்காரன் துரோப்பீமுவை அந்தத் தடுப்புக்குள் அழைத்துப்போய்விட்டார் என்று நினைத்துத்தான் அப்போஸ்தலர் 21இல் பவுலை அடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். மிரட்டல் எல்லாம் வெளியாளுக்கு. ஆனால் கதையைத் திறந்தால் பரிசுத்தத்தின் தீ சுட்டது எல்லாம் உள்ளாளை.

விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. பினெகாஸ் ஈட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மீதியானியப் பெண்ணைக் குத்துகிறான், அவனுக்குப் பாராட்டும் கிடைக்கிறது. அது இஸ்ரவேலர் பாகால்பேயோர் என்ற அந்நிய தெய்வத்தின் பின்னால் போன விவகாரம், அவள் கர்த்தரைத் தேடி வந்தவள் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்த அதிகாரம் இன்றைக்கும் கசப்புதான். பெலிஸ்தரும் பெட்டியால் அடிபட்டார்கள். ஆனால் அவர்கள் கும்பிட வரவில்லை, பெட்டியைக் கொள்ளையடித்துக்கொண்டு போனவர்கள்.

மதுரையில் இருந்துகொண்டு

யார் எதுவரைக்கும் போகலாம் என்பது நம் ஊரில் வேதபாடக் கேள்வி மட்டும் இல்லை. 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர், அதுவரை சாதியால் உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்ட தோழர்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது நம் தாத்தா பாட்டி காலம். அந்தக் கதையைச் சொல்லும்போது கிறிஸ்தவர்கள் நாம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம், நம்மிடம் அதெல்லாம் இல்லை என்கிற மாதிரி. இந்த மதுரையில்தான் 1606இல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, முன்பே இங்கே இருந்த பாதிரியாரை விட்டுப் பிரிந்து தனி வீடு, தனிச் சமையல் என்று இருந்தார். பிற்பாடு அந்த மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று இரண்டு வகையே வந்தது. தெற்கே வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்தே மாதா கோயில் கட்டினார்கள். 1910இல் தடுப்பை இடித்ததற்கு வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போனது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சுவர் வைத்த ஊர்களை நான் எண்ணத் தொடங்கவில்லை.

அதனால்தான் 1 கொரிந்தியர் 11 என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. திருவிருந்துக்கு முன்னால் வாசிப்பார்களே, அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்று. இதற்காகவே எங்கள் தெருவில் ஒரு அக்கா வருஷக்கணக்காக நற்கருணை எடுக்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போனவர். தான் பாத்திரமில்லை என்று அவரே முடிவுகட்டிவிட்டார், இல்லை என்று எழுப்பிவிட ஒருவரும் வரவில்லை. அந்த வசனத்துக்குக் கொஞ்சம் மேலே பவுல் யாரைத் திட்டுகிறார் என்று பார்த்தால், தாங்கள் கொண்டுவந்ததை முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்து, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தியவர்களை. இதனால்தான் உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையும் அடைந்திருக்கிறார்கள் என்கிறார். மறுபடியும் அடி விழுந்தது முன்பெஞ்சில். நாம் அதையே எடுத்துப் பின்பெஞ்சில் இருப்பவரை மிரட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, போகலாமா கூடாதா என்று அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பதாக நினைக்கிறவன் பயப்படட்டும். வெளியே நிற்கிறவன் பயப்பட வேதத்தில் முன்னுதாரணம் இல்லை. வசனங்கள் ஒன்றோடொன்று முட்டுவது போலத் தெரிவது, இவனுக்குச் சொன்னதை நாம் அவனிடம் வாசிப்பதால்தான்.

கோராகு

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு இடத்தில் எனக்கும் மாமாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கோராகு என்ன கேட்டான்? சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள், கர்த்தர் அவர்கள் நடுவில் இருக்கிறார், நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்துகிறீர்கள் என்று கேட்டான். நீங்கள் எனக்கு ஆசாரிய ராஜ்யமாயிருப்பீர்கள் என்று சீனாயில் சொன்னதும், ராஜரீகமான ஆசாரியக்கூட்டம் என்று பேதுரு எழுதியதும் கிட்டத்தட்ட இதுதானே. இதைச் சொன்னவனைப் பூமி வாய்திறந்து விழுங்குகிறது. “அவன் லேவியன் தாயி. உள்ள இருந்துக்கிட்டு இன்னும் உள்ள போகணும்னு கேட்டான். எல்லாருக்கும்னு சொல்லித் தனக்குக் கேட்டான்” என்பார் மாமா. மோசே சொல்கிற பதிலும் அதேதான்: உங்களைக் கிட்டச் சேர்த்தது போதாதா, ஆசாரியப்பட்டமும் வேண்டுமா? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும். உரிமை கேட்டு எழுந்து நின்ற எவனைத்தான் பதவி ஆசை பிடித்தவன் என்று சொல்லாமல் விட்டார்கள்?

வேதமும் கோராகை அப்படியே புதைத்துவிடவில்லை. கோராகின் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமம் 26இல் ஒற்றை வரி இருக்கிறது. அந்த வம்சம் பிறகு ஆலயத்தில் வாசல் காவல் பார்த்தது, பாட்டும் பாடியது. தேவனுடைய சந்நிதியில் எப்போது வந்து நிற்பேன் என்று ஏங்குகிற 42ஆம் சங்கீதம் அவர்களுடையது. ஆகாமியக் கூடாரங்களில் (துன்மார்க்கரின் கூடாரங்களில்) இருப்பதைவிட என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பேன் என்கிற 84ஆம் சங்கீதமும் அவர்களுடையதுதான்.

மாமா வயதாகி உபதேசியார் வேலையை விட்டபோது ஊர்த்திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் அந்த வாசற்படி வசனத்தைத்தான் பொறித்திருந்தார்கள். நல்ல மனதோடு செய்தது. ஏற்புரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேடயத்தை வாசித்துப் பார்த்தார். பங்குச் சாமியார் பக்கம் திரும்பி, “சாமி, வாசக்காவல் நான் கேக்கல. உள்ள வரத்தான் கேட்டேன்” என்றார். அவ்வளவு காலம் கோராகுக்கு எதிராக என்னிடம் வாதாடிய மனிதர். கூட்டத்தில் இரண்டொருவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். சாமியார் தட்டவில்லை. அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ, அதற்குள் பேண்டு செட் ஆரம்பித்துவிட்டது.